இரவுப் பூ காலைக்கு மாறியது ஏன்? யூட்டா காட்டுப் புகையிலையும் பருந்து அந்துப்பூச்சியும்: நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தென்மேற்கு மூலையில் லைட்டில் ரேன்ச் என்ற காப்பு நிலம் இருக்கிறது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. ஜெர்மனியின் யெனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்தார், இயன் பால்ட்வின் தலைமையில், அங்கே வளரும் ஒரு காட்டுப் புகையிலையை ஆண்டுக்கணக்கில் விடாமல் கவனித்தார்கள். செடியின் பெயர் நிக்கோட்டியானா அட்டெனுவாட்டா. அந்தி சாயும்போது பூப்பது அதன் இயல்பு. ஆனால் புழு கடித்த செடிகள் சில மொட்டுகளை அந்தியில் விரிக்காமல் வைத்திருந்து மறுநாள் காலையில் விரித்தன. டேனி கெஸ்லர், செலியா டீசல், பால்ட்வின் ஆகிய மூவரும் 2010-ல் இதை வெளியிட்டார்கள்.

பருந்து அந்துப்பூச்சியையும் பூவையும் பற்றிய கட்டுரை என்றால் நீண்ட தேன்குழல் கொண்ட மடகாஸ்கர் ஆர்க்கிடும், அதற்கேற்ற நீண்ட உறிஞ்சுகுழலுள்ள பூச்சி இருந்தாக வேண்டும் என்ற டார்வினின் கணிப்பும் தவறாமல் வந்துவிடும். அதில் பிழையில்லை. ஆனால் அங்கே பூச்சி பூவுக்கு வருகிறது, போகிறது, கதை முடிகிறது. யூட்டா செடியின் நிலைமை வேறு. இரவில் மகரந்தம் சுமந்து வரும் அதே தாய்ப்பூச்சி, போகிற போக்கில் இலைக்கடியில் முட்டையும் வைத்துவிட்டுப் போகிறது. அதிலிருந்து வரும் புழு செடியை மொட்டையடிக்கிறது. புழுவின் தீனிக் கணக்கைச் சேர்க்காமல், இந்தப் பூச்சி செடிக்கு நல்லது செய்கிறதா கெட்டது செய்கிறதா என்று சொல்ல வழியே இல்லை.

களமும் செடியும்

இது ஓராண்டுச் செடி. விதைகள் மண்ணில் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும். காட்டுத் தீ பரவி, புகையிலுள்ள வேதிப்பொருள்கள் மண்ணில் இறங்கிய பிறகே முளைக்கும். அதனால் தீ எரிந்த இடத்தில் ஒரே சமயத்தில் கூட்டமாகத் தலைகாட்டும். சில ஆண்டுகளில் அங்கிருந்து காணாமலும் போகும். தன் மகரந்தமே போதும், காய் பிடித்துவிடும். இந்த ஒரு குணத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் சோதனை முறைகளெல்லாம் இதைச் சுற்றியே அமைந்தவை. தானே காய்க்கும் செடிக்குப் பூச்சி எதற்கு என்று கேட்கலாம். அயல் மகரந்தத்தால் விதைகளுக்கு மரபணுக் கலப்பு கிடைக்கிறது. அடுத்த தீ எப்போது, எங்கே என்று தெரியாத செடிக்கு அந்தக் கலப்பு பெரிய முதல்.

வழக்கமான பூ மாலை 6 மணியிலிருந்து 10 மணிக்குள் விரியும். வெள்ளை நிறம், குறுகிய நீள்குழல், அடியில் தேன். இரவில் மட்டும் பென்சைல் அசிட்டோன் என்ற மணத்தை வெளியிடும். பூக்காம்பும் சும்மா இருப்பதில்லை: இரவில் பூ நிமிர்ந்து நிற்கும், பகலில் தலை கவிழும். செடியின் உள்கடிகாரம் இதை நடத்துகிறது. கவிழ்ந்த பூவில் உறிஞ்சுகுழலை நுழைக்க அந்துப்பூச்சி திணறுகிறது என்பது கூடாரச் சோதனையில் தெரிந்தது.

வரும் பூச்சிகளில் மூன்று முக்கியம். மாண்டூக்கா செக்ஸ்டா, மாண்டூக்கா குயின்குவேமாக்குலாட்டா ஆகிய இரண்டும் இதே செடியில் முட்டையிடுபவை. மூன்றாவதான ஹைலஸ் லினியாட்டா தேன் குடிக்கும், மகரந்தம் கடத்தும். அதன் புழு வேறு செடிகளைத் தின்று வளரும். செடியின் பக்கம் நின்று பார்த்தால் இது செலவில்லாத விருந்தாளி. பகலில் கருந்தாடை ரீங்காரச் சிட்டு வருகிறது.

பூவின் முன்னே நடப்பது

மாண்டூக்கா செக்ஸ்டா சுமார் 2 கிராம் எடை, 10 சென்டிமீட்டர் சிறகு விரிப்பு உள்ள பூச்சி. குளிர்ந்த உடலோடு அதனால் எழும்ப முடியாது. பறப்பதற்கு முன் சிறகை மேலேற்றும் தசையும் கீழிறக்கும் தசையும் ஒரே நேரத்தில் சுருங்கும். சிறகு நடுங்குமே தவிர அடிக்காது, உழைப்பெல்லாம் வெப்பமாகும். மார்புப் பகுதி 38 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்த பிறகே கிளம்பும். இரவுக் குளிர் கூடினால் இந்தச் சூடேற்றலுக்கே சர்க்கரை அதிகம் செலவாகும். பாலைவனத்துக் குளிர் இரவுகளில் வருகை குறைவதற்கு இது ஒரு காரணம்.

எழும்பிய பின் வினாடிக்கு ஏறத்தாழ 25 சிறகடி. பூமுன் அந்தரத்தில் நிற்க இந்த வேகம் எப்படிப் போதும் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. நிலைத்த சிறகுக்கான கணக்கைப் போட்டால் தூக்குவிசை பற்றவில்லை. கேம்பிரிட்ஜில் சார்லஸ் எலிங்டன் குழு 1996-ல் புகையை விட்டுப் பார்த்தபோது விடை கிடைத்தது. சிறகு கீழ்நோக்கி அடிக்கும்போது அதன் முன்விளிம்பை ஒட்டி ஒரு காற்றுச் சுழல் உருவாகிறது. அது சிறகின் மேற்பரப்பை விட்டு உடனே விலகாமல் அங்கேயே தங்குகிறது. அந்தச் சுழலுக்குள் காற்றழுத்தம் குறைவதால் கூடுதல் தூக்குவிசை கிடைக்கிறது.

நிலை தடுமாறாமல் நிற்பதற்கு உணர்கொம்பும் உதவுகிறது. ஈ வகைகளுக்குப் பின்சிறகு சிறுத்து உண்டான சமநிலை உறுப்பு உண்டு. அந்துப்பூச்சிக்கு அது கிடையாது. கொம்பின் அடியிலுள்ள ஜான்ஸ்டன் உறுப்பு உடல் திரும்புவதை உணர்கிறது என்று சஞ்சய் சானேயும் கூட்டாளிகளும் 2007-ல் காட்டினார்கள். கொம்பின் நீளப் பகுதியை வெட்டியதும் பூச்சி சுவரில் மோதியது, தரையில் விழுந்தது. வெட்டிய அதே துண்டைப் பசை போட்டு ஒட்டியதும் பறத்தல் பெருமளவு சீரானது. நரம்புத் தொடர்பு அறுந்த துண்டு மணமறிய உதவாது. வெறும் எடையாக அடிப்பகுதியை அசைத்ததே போதுமானதாக இருந்தது. இதைவிட எளிய, தெளிவான சோதனை இந்தத் துறையில் குறைவு.

காற்றில் ஆடும் பூவைத் தொடர்வது இன்னொரு சிக்கல். வெளிச்சம் குறையும்போது பூச்சியின் கண் மெதுவாக வேலைசெய்து, கிடைத்த ஒளியைக் கூடுதல் நேரம் சேர்த்துப் பார்க்கிறது. அப்படியானால் வேகமாக அசையும் பூவைத் தவறவிட வேண்டுமே? எந்திரப் பூவை ஆட்டிப் பார்த்த சைமன் ஸ்பான்பெர்க் குழு 2015-ல் விளக்கியது: இயற்கையில் பூக்கள் பெரும்பாலும் வினாடிக்கு 2 முறைக்கும் குறைவாகவே ஆடுகின்றன, கண் மெதுவானாலும் அந்த எல்லைக்குள் பூச்சி பூவை விடுவதில்லை.

பூவை நெருங்கியதும் சுருண்ட உறிஞ்சுகுழல் அவிழ்கிறது. மாண்டூக்காவுக்கு அது 7 முதல் 8 சென்டிமீட்டர்; காட்டுப் புகையிலைக் குழலோ அதில் பாதிகூட இல்லை. ஆகவே பூச்சி முகத்தைப் பூவில் புதைக்க வேண்டியதில்லை. சற்று எட்ட நின்றே குடிக்கலாம். மகரந்தமும் குழலின் மேலேயே ஒட்டுகிறது. குழலின் நுனியில் மணம் உணரும் நரம்புகள் இருப்பது 2016-ல் தெரியவந்தது. மணமில்லாத பூவில் பூச்சி குழலைச் சட்டென இழுத்துக்கொள்கிறது. மணமுள்ள பூவில் பொறுமையாக நிற்கிறது. தூரத்திலிருந்து அழைப்பதோடு மணத்தின் வேலை முடியவில்லை, பூவின் வாசலிலும் அது தேவைப்படுகிறது.

தேனில் நிகோட்டின்

இலையில் இருக்கும் நிகோட்டின் பூந்தேனிலும் இருக்கிறது. அழைத்த விருந்தாளிக்கே கசப்பைக் கலந்து கொடுப்பது ஏன்? இதை அறிய மரபணுவை அடக்கிய செடிகளை உருவாக்கி, உரிய அனுமதியோடு களத்தில் நட்டார்கள்: ஒன்றில் பென்சைல் அசிட்டோன் இல்லை, ஒன்றில் நிகோட்டின் இல்லை, ஒன்றில் இரண்டுமே இல்லை. 2008-ல் வந்த முடிவு: அயல் மகரந்தத்தால் காய் பிடிப்பது உச்சத்தை எட்ட மணமும் வேண்டும், கசப்பும் வேண்டும். நிகோட்டின் இருக்கும் பூவில் ஒரு வருகையில் குடிக்கும் அளவு குறைகிறது, பூச்சி அடுத்த பூவுக்கு நகர்கிறது, மொத்த வருகை கூடுகிறது. தேன் திருட வருபவையும் தள்ளிப்போகின்றன.

பூவுக்குப் பூ கசப்பு மாறுவதற்கும் பயன் உண்டு. ஒரே கொத்தில் ஒரு பூவில் நிகோட்டின் கூடுதல், பக்கத்துப் பூவில் குறைவு. எது எப்படியென்று தெரியாத ரீங்காரச் சிட்டு ஒரே செடியில் தங்காமல் பல செடிகளுக்குத் தாவுகிறது என்று 2012-ல் வந்த ஆய்வு சொன்னது.

முட்டைக்குப் பின்

தாய்ப்பூச்சி முட்டைகளைக் குவியலாக இடாது. பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொன்றாக ஒட்டும். பொரியும் புழு ஒரு மில்லிகிராம் அளவு. ஐந்து பருவங்கள் கடந்து, மூன்று வாரத்துக்குள், சுமார் 10 கிராம்: பத்தாயிரம் மடங்கு. தின்பதில் மிகப் பெரும் பங்கு கடைசிப் பருவத்தில்தான். ஆகவே சேதம் கண்ணில் பட்ட பிறகு மிஞ்சியிருக்கும் அவகாசம் சில நாள்களே. ஒரு செடியை முடித்துவிட்டு அடுத்ததற்கு நடந்துபோவதும் வழக்கம்.

நிகோட்டின் இந்தப் புழுவைக் கொல்லாது. பெரும்பகுதியைக் கழித்து வெளியேற்றும். ஒரு சிறு பங்கைச் சுவாசத் துளைகள் வழியே காற்றில் விடும். ஓநாய்ச் சிலந்திகள் அந்த நெடியைக் கண்டு ஒதுங்குகின்றன என்பது 2014-ல் வெளியானது. செடி தன் பாதுகாப்புக்காகச் செய்த நஞ்சு புழுவுக்கே கவசமாகிப் போனது. செடியும் வேறு வழியைப் பிடிக்கிறது: கடிபட்ட இலை விடும் ஆவிகள் ஜியோகோரிஸ் என்ற வேட்டைப் பூச்சியை அழைக்கின்றன. இவ்வாறான ஆவிகளால் புழுத்தொல்லை 90 சதவீதத்துக்கு மேல் குறையலாம் என்று 2001-ல் ஆந்திரே கெஸ்லரும் பால்ட்வினும் இதே களத்திலிருந்து காட்டினார்கள். பூ விரியும் நேரத்தை மாற்றுவது இவற்றோடு சேரும் இன்னொரு தற்காப்பு.

காரணத்தைப் பிரித்தெடுத்த விதம்

புழு இருக்கும் செடியில் காலைப் பூ அதிகம் என்று எண்ணிச் சொன்னால் மட்டும் போதாது. செடி வாடியதால், இலை குறைந்ததால், வயது கூடியதால் என்று பல விளக்கங்கள் குறுக்கே நிற்கும். அவற்றை விலக்கக் கையாண்ட முறை எளிமையானது. தையற்காரர் துணியில் கோடு போடப் பயன்படுத்தும் பல்சக்கரத்தை இலையில் நடுநரம்புக்கு இணையாக உருட்டினால் ஒரே அளவில் வரிசையாகத் துளை விழும். ஒரு தொகுதிச் செடிகளில் அந்தத் துளைகளில் வெறும் நீர். மறு தொகுதியில் புழுவின் வாயிலிருந்து சேகரித்து நீரில் கலந்த சுரப்பு. காயம் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு எச்சிலில் மட்டும். புழுவே இல்லாமல், எச்சில் பட்ட செடியில் காலைப் பூக்கள் கூடின.

எச்சிலில் இருக்கும் கொழுப்பமில-அமினோ அமிலச் சேர்மங்களைச் செடி அடையாளம் காண்கிறது. செய்தி ஜாஸ்மோனிக் அமிலம் என்ற செடி ஹார்மோன் வழியாகப் போகிறது. அந்த வழியை அடைத்த செடிகளில் நேர மாற்றம் வரவில்லை. மாற்றம் உடனே நிகழ்வதுமில்லை. ஒரு வாரத்துக்குச் சற்று மேலாகிறது. ஏற்கெனவே முற்றிய மொட்டுகள் பழைய நேரத்திலேயே விரிந்துவிடுகின்றன. மூன்று நாள் பார்த்துவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று குறிப்பேட்டை மூடுபவர் தவறான முடிவோடு வீடு திரும்புவார்.

காலைப் பூ 6 மணியிலிருந்து 10 மணிக்குள் விரிகிறது. முழுதாக விரிவதில்லை, பென்சைல் அசிட்டோன் மணமும் இல்லை, தேனில் சர்க்கரை குறைவு. ரீங்காரச் சிட்டு இந்தப் பூக்களை விரும்பி வருகிறது. அது முட்டையிட வருவதில்லை. செடிக்கு வேண்டியதும் அதுதான்.

அப்படியானால் எல்லாப் பூவையும் எப்போதும் காலையில் திறந்தால் என்ன? ஆய்வாளர்கள் தரும் விளக்கம் தூரத்தைப் பற்றியது. சிட்டு தன் எல்லைக்குள் சுற்றும், பக்கத்துப் பக்கத்துச் செடிகளில் குடிக்கும். அந்துப்பூச்சி இரவில் வெகுதூரம் பறந்து, தொடர்பில்லாத செடிகளின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அதை முற்றாக இழக்கச் செடிக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் கடிபட்ட செடியிலும் எல்லாப் பூவும் மாறுவதில்லை. இரவுப் பூக்களும் கூடவே இருக்கின்றன.

தேனையும் மணத்தையும் தனித்தனியே நிறுத்திப் பார்த்த 2015 ஆய்வு இந்த வழக்கின் மறுபாதியை முடித்துவைத்தது. மணமில்லாதது, தேனில்லாதது, இரண்டுமில்லாதது என்று செடிகளை வைத்து, மாண்டூக்கா, ஹைலஸ், ரீங்காரச் சிட்டு மூன்றையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். மூன்றுக்குமே மணமும் தேனும் அயல் மகரந்தச் சேர்க்கையைக் கூட்டின. அதே இரண்டும் மாண்டூக்கா இடும் முட்டையையும் கூட்டின, மணத்தைவிடத் தேனின் பங்கு அதிகம். காரணம் ஊகிக்கக்கூடியதே: குடிக்க நின்ற இடத்திலேயே முட்டையிடுவது பூச்சிக்குச் சிக்கனம். இயற்கையான செடிக்கூட்டத்திலேயே தேனே சுரக்காத செடிகள் ஆங்காங்கே இருப்பது இதோடு பொருந்துகிறது.

இந்த மாதிரி ஆய்வு எங்கே சறுக்கும்

முதல் சறுக்கல் காய்களை எண்ணுவது. தானே காய்க்கும் செடியில் காய் பிடித்ததை வைத்துப் பூச்சியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மகரந்தப்பை வெடிப்பதற்கு முன், மொட்டு நிலையிலேயே, ஐந்து பைகளையும் இடுக்கியால் நீக்கிவிட வேண்டும். அந்தியில் விரியும் பூவென்றால் அன்று பகலுக்குள் செய்தாக வேண்டும். மாலையில் உட்கார்ந்தால் பைகள் வெடித்துத் தூள் சூலகமுடியில் ஏறியிருக்கும். இடுக்கியை ஒவ்வொரு பூவுக்கும் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். சூலகமுடியில் இடுக்கி பட்டால் அந்தப் பூவைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். பை நீக்கி வலைக்குள் மூடிவைத்த சில பூக்கள் கட்டாயம் தேவை. அவை காய்த்தால் நீக்கிய கை சரியில்லை என்று பொருள்.

இரண்டாவது, வலை. பகலில் வருபவற்றையும் இரவில் வருபவற்றையும் பிரிக்க ஒரு தொகுதிக்கு இரவில் மட்டும் வலை, மறு தொகுதிக்குப் பகலில் மட்டும் வலை, மூன்றாவது எப்போதும் திறப்பு, நான்காவது எப்போதும் மூடல். வலையை மாற்றும் நேரத்தில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். அந்தியின் முதல் அரைமணியில் சிட்டும் வரும், அந்துப்பூச்சியும் வரும். இருட்டும்வரை காத்திருந்தால் இரவுக் கணக்கு குறையும். முந்திக்கொண்டால் பகல் கணக்கு குறையும். இரண்டும் வரும் அந்தப் பொழுதைத் தனியாக உட்கார்ந்து பார்த்துக் குறிப்பதே நேர்மையான வழி.

விளக்குப் பொறியில் விழுந்த பூச்சிகளின் பட்டியல் அவ்விடத்தில் எவை இருக்கின்றன என்று சொல்லும். எவை இந்தப் பூவுக்கு வந்தன என்று சொல்லாது. பிடித்த பூச்சியின் உறிஞ்சுகுழலை விரித்து, சிறு ஜெல் துண்டால் ஒற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து மகரந்தத்தைப் பார்த்தால் பாதி பதில் கிடைக்கும். ஒரே குப்பியில் இரண்டு பூச்சியைப் போட்டால் மகரந்தம் கலந்துவிடும். கவனிக்கும்போது வெள்ளை டார்ச் கூடாது; மங்கிய சிவப்பு வெளிச்சம் போதும்.

காற்றின் தூய்மையையும் இப்போது கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் வெளிறிய ஈவினிங் பிரிம்ரோஸ் பூவை வைத்துச் செய்து 2024-ல் வெளியான ஆய்வில், இரவுக் காற்றிலுள்ள, எளிதில் வினைபுரியும் நைட்ரேட் ரேடிக்கல்கள் பூவின் மணச் சேர்மங்களைச் சிதைத்ததால் பருந்து அந்துப்பூச்சிகளின் வருகை 70 சதவீதம் குறைந்தது. சாலையோரத் தோட்டத்தில் வருகை குறைவாக இருந்தால் பூவை மட்டும் குறைசொல்ல வேண்டாம்.

நம் பக்கத்துச் செடிகளில்

மாண்டூக்கா அமெரிக்கப் பேரினம். நம் புகையிலை வயலில் அது கிடையாது. இங்கே புகையிலையைத் தின்பதில் பேர்போனது ஸ்போடோப்டெரா லிட்டுரா, அது வேறு குடும்பம். எள், கத்தரிச் செடிகளில் பின்முனையில் கொம்போடு தடித்த பச்சைப் புழுவாக வருவது அக்கெரோன்டியா ஸ்டிக்ஸ் என்ற பருந்து அந்துப்பூச்சி. முதிர்ந்த பூச்சிக்கு முதுகில் மண்டையோட்டுக் குறி. உறிஞ்சுகுழல் குட்டையாகவும் கடினமாகவும் இருக்கும், தேனீக் கூட்டில் மெழுகு அறையைக் குத்தித் தேன் குடிக்கத் தோதானது. நீள்குழல் பூக்களுக்கு அதனால் பயனில்லை. எள் விவசாயியின் கணக்கில் அது முழுக்கச் செலவு. யூட்டா கதையை அதன்மேல் ஏற்றிப் பரிவு காட்ட வேண்டியதில்லை.

அக்ரியஸ் கன்வால்வுலை வேறு. அதன் புழு சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கொடியைத் தின்னும், முதிர்ந்த பூச்சிக்கோ மிக நீண்ட குழல். அரளி, நந்தியாவட்டை இலைகளைத் தின்னும் டாஃப்னிஸ் நீரை இன்னொன்று. பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சானேயின் ஆய்வகம் பறத்தல் ஆய்வுக்கு இதைப் பயன்படுத்துகிறது. வெள்ளை நிறம், நீண்ட குழல், இரவு மணம், இலையைத் தின்னும் பருந்து அந்துப்பூச்சிப் புழு என எல்லாம் ஒரே செடியில் கூடுவதால், வீட்டுத் தோட்டத்தில் இப்படியொரு கவனிப்பைத் தொடங்க நந்தியாவட்டை தகுந்தது. அடுக்குப் பூ வகை வேண்டாம், ஒற்றைப் பூச் செடியாகப் பாருங்கள். மகரந்தப்பைகள் குழலுக்குள் ஒடுங்கியிருப்பதால் இடுக்கி முறை இங்கே சரிப்படாது. நான்கு தொகுதி வலை முறையோடு நிறுத்திக்கொள்ளலாம். புழு விழுந்த செடி, விழாத செடி இரண்டிலும் தினமும் மாலை 6, இரவு 10, காலை 6, காலை 10 என நான்கு வேளை விரிந்த பூக்களை எண்ணி, புதிதாக விரிந்ததன் காம்பில் வண்ண நூல் கட்டுங்கள். காம்பை ஒடித்தால் பால் வடிந்து நூலில் பிசினாக ஒட்டும், ஆகவே தளர்வாகவே கட்ட வேண்டும். புழு விழுந்த நாளிலிருந்து இரண்டு வாரம் எண்ணிக்கையை நிறுத்தக் கூடாது.